விதுரியின் இடது முழங்கால்

விதுரி ஜெயித்ததிலேயே பெரிய போட்டிக்கு மறுநாள் பத்திரிகையில் அவளுடைய முழங்கை மட்டும் வந்திருந்தது. படம் முழுக்கத் தெல்மா. தரையிலிருந்து இரண்டடி எகிறி, வாயைத் திறந்து, இறகுப்பந்து ராக்கெட்டை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். இடது ஓரத்தில், படத்தை வெட்டினவன் மறந்து விட்டுவைத்த மாதிரி, ஒரு முழங்கை. கீழே ‘வெற்றி அடி அடிக்கும் தெல்மா ரொண்டோனுவு’ என்று அச்சடித்திருந்தார்கள். ஜாவாவின் பூர்வோகெர்த்தோ ஊரில் விதுரியின் அம்மா அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி, வந்தவர் போனவரிடமெல்லாம் “இது எங்க பொண்ணு கை” என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் வலைக்குப் பக்கத்தில் நிற்பவளின் பிழைப்பு இதுதான். எதிராளி அடிப்பதை மறித்து, தட்டி, வேறு வழியே இல்லாமல் அவர்களைப் பந்தை உயரத் தூக்கவைப்பது அவள் வேலை. அப்படித் தூக்கினதைப் பின்னால் இருப்பவள் எகிறி அடிப்பாள். கைதட்டு எகிறினவளுக்கு. உலையில் வெந்தவள் ஒருத்தி, பரிமாறிப் பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி. விதுரிக்கு இதில் மனவருத்தம் இருந்ததே இல்லை. தெல்மாவுக்குத்தான் பத்திரிகையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. “உன் மூஞ்சியை வெட்ட அவனுக்கு எப்படிடீ மனசு வந்துச்சு?” என்று அன்று காலைச் சோற்றைத் தொடாமல் எழுந்துபோனாள்.

இரண்டு பேருமே கழித்துப் போடப்பட்டவர்கள். விதுரியின் அப்பா தள்ளுவண்டியில் மெந்தோவான் என்ற சோயா பஜ்ஜி பொரித்து விற்கிறவர். பன்னிரண்டு வயதில் கூடுஸ் ஊரின் கிளப் ஒன்று அவளை விடுதியில் சேர்த்துக்கொண்டது. பதினாலாவது வயதில் ஒருநாள் பெண்களை எல்லாம் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார்கள். சுவரில் ஒரு கோடு. கோட்டைத் தொட்டவர்கள் ஒற்றையர் பிரிவு. ஒற்றையர் ஆடும் பெண்கள் அங்கே மகாராணிகள். கோட்டுக்குக் கீழே நின்றவர்களை “ரெட்டையர் பக்கம் போங்க” என்றார்கள், மிச்சச் சோற்றை ஒரு பாத்திரத்தில் வழிக்கிற மாதிரி. விதுரிக்குக் கோட்டுக்கும் தலைக்கும் நான்கு விரல் இடைவெளி.

தெல்மா கோட்டுக்கு மேலேதான் இருந்தாள். ஆனால் கடல் தாண்டி மனாடோவிலிருந்து வந்த மூன்றாம் மாதமே ஒற்றையர் கோச்சைப் பார்த்து “உங்களுக்கு ஆடத் தெரியுமா, பேச மட்டும்தான் தெரியுமா?” என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே இரட்டையர் பக்கம் தள்ளப்பட்டாள். குள்ளச்சியும் வாயாடியும் ஒரே அறையில் போய் விழுந்தார்கள்.

அந்த அறையில் முதல் வருடம் நடந்த சண்டைகளை எழுதினால் பக்கம் போதாது. மின்விசிறி ஓடினால்தான் தெல்மாவுக்குத் தூக்கம். ஓடினால் விதுரிக்குச் சளி. தெல்மா சாப்பிடும் மீனில் மிளகாய் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். விதுரி எல்லாவற்றின் மேலும் இனிப்புச் சோயாவை ஊற்றிக்கொள்வாள். “நீ சாப்பிடுறது சோறா, பாயசமா?” என்பாள் தெல்மா. “நீ சாப்பிடுறது மருந்தா, தண்டனையா?” என்பாள் விதுரி. இரண்டாம் வருடம் முடிவதற்குள், விதுரி வலையருகே இடது தோளை ஒரு விரற்கடை இறக்கினால் பந்து எங்கே வரும் என்று தெல்மாவின் கால்களுக்குத் தெரிந்துபோயிற்று. பேச்சே கிடையாது. பதினெட்டு வயதில் இருவரும் சேர்ந்தே ஜகார்த்தாவின் தேசிய முகாமுக்குப் போனார்கள். இருபத்தாறு வயதில் உலகத்தில் ஐந்தாவது ஜோடி. அடுத்த ஆகஸ்டில் உலகப் போட்டி. அதில் தங்கம் வாங்கக்கூடிய நான்கைந்து ஜோடிகளில் தாங்களும் ஒன்று என்று இருவருக்கும் தெரியும். விதுரி ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அதில் மேலே பேர் இருந்தால் இன்னொரு வருடம். கடைசியில், விலக்கப்பட்டவர்கள் வரிசையில் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியைக் கட்ட வேண்டும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். எட்டு வருடம் வியர்வை சிந்தினவளுக்கும் அதே தாள்தான். தாளின் கீழே நாட்டின் இறகுப்பந்துச் சங்கத்தின் பயிற்சித் தலைவர் சூர்யோவின் கையெழுத்து இருக்கும்.

இந்த சூர்யோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். யாரைப் பார்த்தாலும் வீட்டில் சௌக்கியமா என்பார். தலைநகரில் ஒரு கிளப்புக்கும் அவர்தான் புரவலர். அந்த கிளப்பின் பெண் அனின், இருபது வயது, நல்ல உயரம், நல்ல அடி. முகாமில் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து உலகத்தில் ஒன்பதாவது இடத்தில் இருந்தாள். வருடக் கடைசியில் நடக்கும் பெரிய போட்டிக்கு எட்டு ஜோடிக்குத்தான் அழைப்பு. ஒன்பதாவதாக இருப்பவர்கள் ஊரில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம்.

அக்டோபரில் ஐரோப்பாவில் குளிர் ஊர் ஒன்றில் போட்டி. கால் இறுதியில் விதுரி ஜோடியும் அனின் ஜோடியும் மோத வேண்டி வந்தது. அன்று காலை ஓட்டல் சாப்பாட்டு அறையில் விதுரி தனியாக உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுபோன சம்பலை முட்டையில் தடவிக்கொண்டிருந்தாள். சூர்யோ எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“நல்லாத் தூங்கினியாம்மா? குளிர் தாங்குதா?”

“தாங்குது பாக்.” ஐயா என்பதற்கு அங்கே பாக்.

“அம்மா அப்பா சௌக்கியம்தானே?” என்றார். காபியை இரண்டு வாய் குடித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இன்னிக்கு ஆட்டத்துல அனின் ஜோடி அரையிறுதிக்குப் போனா எட்டாவது இடத்துக்கு வந்துருவாங்க. வருஷக் கடைசிப் போட்டிக்கு நம்ம கொடி ரெண்டு போகும். உங்க இடம் பத்திரம். உங்களுக்கு ஒரு குறையும் வராது. யோசிச்சுப் பாரு. எனக்காக இல்ல, நாட்டுக்காக.”

தட்டோடு வந்து பின்னால் நின்ற தெல்மா இதைக் கேட்டுவிட்டாள். “தோக்கச் சொல்றீங்களா பாக்?”

“சேச்சே. தோக்குறது அசிங்கம்மா. நடுவர் கண்டுபிடிச்சிருவாரு. காயம்னா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க.”

“யாருக்குக் காயம்?”

“உனக்கு வேண்டாம். உன் மூஞ்சிக்குப் பொய் வராது” என்று சிரித்தார். பிறகு விதுரியைப் பார்த்தார். “விதுரிக்கு, இடது முழங்கால்னு வச்சுக்குவோம். என்னம்மா?”

தெல்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் விதுரியின் காலை ஒரு மிதி மிதித்தாள்.

“சரிங்க பாக்” என்றாள் விதுரி.

அந்த ஆள் ஏன் தெல்மாவைக் கேட்காமல் விதுரியைக் கேட்டார் என்பதில்தான் எல்லாச் சூதும் இருக்கிறது. விதுரி வளர்ந்த ஜாவா வீடுகளில் பெரியவர்களைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லும் வாயைக் குழந்தைக்கு யாரும் கொடுப்பதில்லை. பிடிக்காவிட்டாலும் தலையைக் குனிந்து ‘சரிங்க’ என்றுதான் வரும். அப்புறம் செய்யாமல் நழுவ வழி பார்ப்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு விட்டுவிடுவார். அது ஒரு மரியாதை, இரண்டு பக்கமும் காப்பாற்ற வேண்டியது. சூர்யோவும் அதே மண்ணில் பிறந்தவர்தான். அந்தப் பெண்ணின் ‘சரிங்க’வுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “தங்கமான பொண்ணு” என்று எழுந்துபோய்விட்டார். மனாடோக்காரி தெல்மாவுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது.

“எங்க ஊர்ல முடியாதுன்னா முடியாதுதான். உனக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“பெரியவர் கேக்குறாரு தெல்மா.”

“பெரியவரா! இத்தனூண்டு சின்னப் புத்திக்காரனைப் பெரியவர்ங்கிறே.”

முதல் செட் இருபத்தொன்றுக்குப் பதினேழு என்று விதுரியும் தெல்மாவும் எடுத்துவிட்டார்கள். கால்கள் பாட்டுக்கு ஆடிவிட்டன, அவற்றிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை. இரண்டாவது செட்டில் பதின்மூன்றுக்குப் பத்து. அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து, விஷயம் தெரிந்த இரட்டையர் கோச் தொண்டையைச் செருமினார். விதுரி முன்னால் ஓரடி வைத்து இடது பக்கமாக விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அரங்கம் முழுக்க ‘ஐயோ’ என்றது. தெல்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வலைக்கு அடியில் குனிந்து ஓடிவந்தது எதிர்ப்பக்கத்து அனின்தான். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“அக்கா, ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஆமாம்மா” என்றாள் விதுரி. அன்று அவளுக்கு உண்மையாகவே வலித்தது அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோதுதான்.

பாதியில் விலகினால் மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். சங்கத்தின் டாக்டர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, முழங்காலை ஒருமுறைகூடத் தொடாமல், ‘இடது முழங்காலில் சவ்வுக் கிழிசல், ஆறு வாரம் ஓய்வு’ என்று எழுதினார். “வீக்கம்னு எழுதினா நம்ப மாட்டாங்க” என்று விளக்கம் வேறு. ஆறு வாரத்தில் இரண்டு போட்டி போயிற்று. சரி, வருடக் கடைசிப் போட்டியாவது ஆடலாம் என்று விதுரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நவம்பர் கடைசியில் சூர்யோ வந்து, கிழிந்த சவ்வு இத்தனை சீக்கிரம் ஒட்டினால் வெளிநாட்டுக்காரர்கள் சந்தேகப்படுவார்கள், இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாமே என்றார். அந்தப் போட்டிக்கு அனின் ஜோடி மட்டும் போனது. இரண்டு கொடி போக வேண்டும் என்று அழுத மனிதருக்கு இப்போது ஒரு கொடியே போதுமானதாக இருந்தது.

டிசம்பரில் தாள் ஒட்டினார்கள். ‘தெல்மா ரொண்டோனுவு’ என்ற பேருக்குப் பக்கத்தில் அனின் பேர் இருந்தது. விதுரியின் பேர் கடைசியில், விலக்கப்பட்டவர்கள் வரிசையில். காரணம் என்ற கட்டத்தில் ‘இடது முழங்கால்’ என்று போட்டிருந்தது.

சூர்யோவின் அறைக்குள் விதுரி அனுமதி கேட்காமல் நுழைந்தது அன்றுதான். அவர் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கையாலேயே தேநீர் ஊற்றினார்.

“பாக், என் முழங்கால்ல ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியுமே.”

“அப்புறம் எப்படி பாக்?”

“காகிதம் வேற சொல்லுதேம்மா. காகிதம் பொய்யின்னு நீ சொல்லலாம். நான் தடுக்கல. அப்போ நடிச்சேன்னு ஆகும். நடிச்சா ரெண்டு வருஷம் தடை. உனக்கு மட்டுமில்ல, பக்கத்துல நின்ன தெல்மாவுக்கும். அவளுக்கு ஆகஸ்ட்ல உலகப் போட்டி இருக்கு.” தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “சூடா இருக்கு, பார்த்துக் குடி.”

எவ்வளவு நயமான கத்தி பாருங்கள். அவளையே விழச்சொல்லி, விழுந்ததையே காரணமாக்கி, விழவில்லை என்று சொன்னால் கூட்டாளியின் கழுத்தையும் அறுப்பேன் என்று தேநீர் ஊற்றிக்கொண்டே சொல்கிறார். விதுரி அந்தத் தேநீரைத் தொடவில்லை. அவ்வளவுதான் அன்றைக்கு அவளால் முடிந்தது.

இருவரும் தங்கியிருந்த அறையில் தெல்மா தன் பெட்டியையும் கட்டிவைத்திருந்தாள்.

“நீ எதுக்கு?”

“நானும் வரேன். இவனுங்க முகமும் வேண்டாம், முகாமும் வேண்டாம்.”

“பைத்தியமா? ஆகஸ்ட்ல போய் ஆடு. ஒருத்தியாவது போகட்டும்.”

“ஒருத்தியா?” என்றாள் தெல்மா. “ரெட்டையர் ஆட்டத்துல ஒருத்தி ஏதுடீ?”

விதுரி தெல்மாவின் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

பூர்வோகெர்த்தோவில் அவளுக்கு முன்னாலேயே முழங்கால் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஒருத்தி அரைத்த கச்சோலக் கிழங்கும் அரிசியும் கொண்டுவந்தாள். இன்னொருத்தி மூன்று வீதி தள்ளியிருக்கும் எலும்பு வைத்தியரின் எண்ணெய் கொண்டுவந்தாள். எல்லாரும் வாசலில் நின்று காலையே பார்த்தார்கள். விதுரிக்கு வேறு வழி தெரியவில்லை. நொண்டினாள். ஆகஸ்டில் தெல்மா உலகப் போட்டியை ஆடி முடிக்கிற வரைக்கும் நொண்டுவது என்று முடிவு செய்தாள். கடைக்குப் போகும்போது நொண்டினாள், துணி காயப்போடும்போது நொண்டினாள். உலகத்தில் ஐந்தாவதாக இருந்த கால் அது. நடித்து நடித்து நல்லாயிருந்த வலது இடுப்பில் வலி வந்துவிட்டது. இதை நினைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அம்மாவின் வற்புறுத்தலில் ஒருநாள் கை கால் பிடித்துவிடும் தர்மி அக்கா வந்தாள். நாற்பது வயது, கட்டை விரல் ஆணி மாதிரி இருக்கும். ஊரில் பாதிப் பேரின் சுளுக்கை எடுத்தவள். பாயில் உட்கார்ந்து விதுரியின் முழங்காலைச் சுற்றி அமுக்கினாள். மடக்கினாள், நீட்டினாள். மறுபடியும் அமுக்கினாள். அம்மா அடுப்படிக்குப் போகிற வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“இதுல என்ன கோளாறு?”

“சவ்வு கிழிஞ்சிருக்கு அக்கா.”

“யார்கிட்ட சொல்றே? இருபது வருஷமா கால் பிடிக்கிறேன். இந்த முழங்கால்ல ஏறி நின்னு வீடு கட்டலாம்.” கையை எடுக்காமலே அவள் முகத்தைப் பார்த்தாள். “யாருக்காகடீ நொண்டுறே?”

விதுரி அழுதுவிட்டாள். நடந்தது முழுவதையும் அவளிடம்தான் முதன்முதலில் சொன்னாள். தர்மி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் சூர்யோவின் பேரைச் சொல்லி, அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை வந்து, முழங்கால் வைத்தியம் என்ற பேரில் வலது இடுப்பைப் பிடித்துவிட்டுப் போனாள்.

மார்ச்சில் ஒரு முயற்சி செய்து பார்த்தாள். முகாமுக்கு வெளியே இருந்தே சொந்தச் செலவில் போட்டிகளுக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்கும் பேர் கொடுப்பது சங்கத்தின் வழியாகத்தான். உடல் தகுதிச் சான்று வேண்டும், அதையும் அதே டாக்டர்தான் எழுத வேண்டும். போனில் கேட்டாள். டாக்டர், “இப்ப ஒண்ணுமில்லன்னு எழுதினா, படம் எடுத்துப் பாப்பாங்கம்மா. தையல் இல்ல, தழும்பு இல்ல, அன்னிக்கு நீ எதைப் பாத்து எழுதினேன்னு கேப்பாங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்கு” என்றார். விதுரியும் ஒரு வீட்டுப் பிள்ளைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகப் போட்டி. விதுரியின் வீட்டில் தர்மி அக்காவும் வந்து உட்கார்ந்து டிவி பார்த்தாள். முதல் இரண்டு சுற்று எப்படியோ தேறியது. மூன்றாவது சுற்றில் எதிராளிகள் ஒரு செட்டிலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அனின் பின்னாலிருந்து அடிக்கப் பிறந்தவள். அவளைக் கொண்டுவந்து வலையருகே நிறுத்தியிருந்தார்கள். முன்னால் வந்த ஒவ்வொரு பந்தும் அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய் விழுந்தது. தெல்மா பின்னால் இங்கும் அங்கும் ஓடினாள். யாரும் தூக்கிக்கொடுக்காத பந்தை அவள் எங்கே போய் எகிறி அடிப்பாள்? விதுரி பாயில் உட்கார்ந்தபடியே, தன்னையறியாமல், ஒவ்வொரு பந்துக்கும் இடது தோளை இறக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்றுக்குப் பன்னிரண்டு, இருபத்தொன்றுக்கு ஒன்பது.

ஆட்டம் முடிந்து சூர்யோவின் முகம் டிவியில் வந்தது. வழக்கமான மெல்லிய குரல். “விதுரியோட முழங்கால் மட்டும் நல்லா இருந்திருந்தா, இன்னிக்கு நாம தங்கத்துக்கு ஆடிக்கிட்டு இருப்போம். என்ன செய்யறது, விதி.”

தர்மி அக்கா கையிலிருந்த கொட்டாங்கச்சிக் கரண்டியை டிவி மேல் எறிந்தாள். நல்லவேளை, படவில்லை.

மறுநாள் மத்தியானம் தெல்மா போன் செய்தாள். விமான நிலையத்திலிருந்து பேசினாள். “டிவியில அவன் பேசினதைக் கேட்டியா?”

“கேட்டேன்.”

“முகாம்லருந்து விலகுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ நொண்டினது போதும்.”

“தடை வரும் தெல்மா. உனக்கும்தான்.”

“வரட்டும். உன் காலைச் சாக்கு சொல்லி ஆட எனக்கு அசிங்கமா இருக்கு. பெரியவர் கேக்குறாருன்னு வாயை மூடினே இல்ல? இப்ப நான் கேக்குறேன். தொற.”

ஆகஸ்ட் பதினேழு சுதந்திர தினம். தெருவை மறித்து அப்பளம் கடிக்கும் போட்டி, சாக்கு ஓட்டம், பெண்களின் வீட்டுக் கவுனை மாட்டிக்கொண்டு ஆண்கள் ஆடும் இறகுப்பந்து எல்லாம் நடந்தன. அந்த வருடம் சிறப்பு விருந்தாளியாக வந்தவர் சூர்யோ. பக்கத்து ஊர்தான் அவருக்குச் சொந்த ஊர். மேடையில் ஏறி, நாட்டுக்காக முழங்காலைக் கொடுத்த இந்த மண்ணின் மகளுக்கு நினைவுக் கேடயம் தருவதாக அறிவித்தார். தெருவே கை தட்டியது. நடுவில் யாரோ, “மெதுவா வரட்டும், வழி விடுங்க” என்று கூட்டத்தை விலக்கினார்.

விதுரி எழுந்து நடந்தாள். நொண்டவில்லை. கூட்டத்தின் பேச்சு வரிசை வரிசையாக நின்றுபோனது. மேடைக்கு மூன்று படி இருந்தது, ஒரே தாவலில் மேலே ஏறினாள். கேடயத்தை நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் கேடயத்தை விட்டுவிட்டு மறுகையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“எனக்கு முழங்கால்ல ஒண்ணுமில்ல. எப்பவும் இருந்ததில்ல. போன அக்டோபர்ல விழச் சொன்னாங்க, விழுந்தேன்” என்றாள். “விழுந்தது என் தப்பு. சொன்னது இவர்.”

சூர்யோ முகத்தில் சிரிப்பு மாறவில்லை. பக்கத்தில் வந்து, மைக்கில் விழாதபடி, “உக்காரும்மா. அப்புறம் நாம ரெண்டு பேரும் உள்ள பேசிக்கலாம்” என்றார்.

“முடியாது பாக்” என்றாள் விதுரி. அது மைக்கில் விழுந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தர்மி அக்கா முன் வரிசையிலிருந்து, “இன்னும் சத்தமாச் சொல்லு!” என்று கத்தினாள். கவுன் போட்ட ஆண்கள் ராக்கெட்டை இடுக்கிக்கொண்டு போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் நாடு முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

நியாயம் ஜெயித்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. விசாரணைக் குழு போட்டார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்கிறீர்கள்? சூர்யோவேதான். பயிற்சித் தலைவர் என்ற முறையில் விதிப்படி அவர்தான் உட்கார வேண்டுமாம். அவர் சொல்லித்தான் விழுந்தாள் என்பதற்கு எழுத்தில் சாட்சி இல்லை, ஆகவே அது நிரூபணமாகவில்லை. கோச் தொண்டை செருமினதே இல்லை என்றார். டாக்டர் நீண்ட விடுப்பில் போனார். அனின் மட்டும் வந்து, வலிக்குதா என்று தான் கேட்டதையும் பதில் வந்ததையும் உள்ளபடி சொன்னாள். அந்தப் பெண்ணை அடுத்த டிசம்பர் தாளின் மேல்வரிசையில் காணோம். விதுரிக்கும் தெல்மாவுக்கும் இரண்டு வருடத் தடை.

தடைக் கடிதத்தின் பிரதிகள் இருவருக்கும் வந்தன. தெல்மா தன்னுடையதை எடுத்துக்கொண்டு, ஜகார்த்தாவில் ரயிலேறி, மிளகாய்ப் பொட்டலத்தோடு பூர்வோகெர்த்தோ வந்து இறங்கினாள். விதுரியின் அப்பா தள்ளுவண்டி அருகே பெஞ்சில் இடம் போட்டுக் கொடுத்தார். தெல்மா மெந்தோவானைக் கடித்துக்கொண்டே கடிதத்தைப் பிரித்தாள்.

“மூணாவது பாராவைப் படிச்சியா?”

“தடைன்னு பாத்ததும் மடிச்சு வச்சுட்டேன்.”

“படிக்கிறேன், கேளு. ‘குழு நியமித்த மூன்று மருத்துவர்கள் வீராங்கனையின் இடது முழங்காலைப் பரிசோதித்தனர். அதில் பழையதோ புதியதோ எந்தக் காயமும் இல்லை. அவர் சர்வதேசப் போட்டிகளில் ஆட முழுத் தகுதி உடையவர்.’” தெல்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். “கீழ பாரு, யார் கையெழுத்து.”

நடித்தாள் என்று தண்டிக்க வேண்டுமானால் முழங்கால் நன்றாக இருக்கிறது என்று எழுதித்தான் ஆக வேண்டும். மார்ச்சில் அவள் டாக்டரிடம் கேட்டும் கிடைக்காத சான்றிதழை, சங்கத்தின் முத்திரையோடு, அந்த ஆளே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

விதுரி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு வருஷம்” என்றாள். “அப்போ நமக்கு இருபத்தொம்போது. வலைக்குப் பக்கத்துல நிக்கிறவளுக்கு அது ஒண்ணுமில்ல. ஆனா நீ எகிறணும்.”

“எகிறுவேன்.”

“எகிற முடியலன்னா?”

தெல்மா எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “அதுக்கு ஒரு காகிதம் வேணும்னா அவன்கிட்டயே கேப்போம், நல்லா எழுதுறான். எந்திரி. இங்க ஆட எடம் எங்க இருக்கு?”